போட் திரும்பாத வீட்டுக்குப் போகிறோம், என்ன பேசுவது?

மார்த்தாண்டம்_தம்பி கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு மார்த்தாண்டம் பக்கம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் செயலாளராக இருக்கிறேன். கடற்கரையில் ஒரு ஊரில் (ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, அந்த வீட்டார் கண்ணில் படலாம்) தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க) போன போட் ஒன்றைப் பற்றி ஒரு வாரமாகத் தகவல் இல்லை. அதில் போன ஒருவருடைய தம்பி என்னோடு கல்லூரியில் படித்தவன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேன் பிடித்துப் போகலாம் என்று ஐக்கியத்தில் முடிவு செய்திருக்கிறோம். அரிசி, பருப்பு, போர்வை வாங்கக் காணிக்கையும் எடுத்தாயிற்று. ஆனால் எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது. நாங்கள் ரப்பர்க்காட்டுக்காரர்கள், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நண்பனுடைய அம்மா முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன சொல்வது? "கர்த்தர் கைவிட மாட்டார், மகன் வந்துவிடுவான்" என்று சொல்லலாமா? வராமல் போனால் அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? எந்த வேதபகுதியை வாசிப்பது? அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

குளச்சல்_காரன்:

தம்பி, எதை வாங்குவதற்கு முன்னாலும் அந்த ஊர்ப் பங்குத்தந்தைக்கோ பங்குப்பேரவையில் யாருக்காவதோ ஒரு போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்த பேண்ட், நைந்த சேலை. ரோட்டோரமாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், ஆனால் வாங்கினவர்கள் மனது என்ன பாடுபட்டது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இரண்டிலும் அந்த வீட்டார் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். போட்டின் பதிவு எண், கிளம்பிய துறைமுகம், போனவர்கள் பெயர், கடைசியாகப் பேசிய நேரம், இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால் எங்கே கேட்டாலும் சட்டென்று சொல்லலாம். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் அந்தத் தாளை எழுத ஆள் இருக்காது.

தூத்தூர்ப்பக்கம்_அக்கா:

தம்பி, நான் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்தவள். 2017 ஒக்கிப் புயலில் என் அண்ணன் போன போட் திரும்பவில்லை. நவம்பர் 29 ராத்திரி காற்று பிடித்தது. 30ஆம் தேதி விடிந்தபோது எங்கள் தெருவில் நின்ற தென்னையில் பாதி இல்லை. அண்ணன் கடலுக்குப் போனது அதற்கு வெகு முன்னால். எங்கள் பக்கத்து ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்குவார்கள். கரையில் சொல்லுகிற எச்சரிக்கை அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "புயல் எச்சரிக்கை கொடுத்தும் ஏன் போனார்கள்?" என்று உங்கள் வேனில் வருகிற ஒருவர்கூடக் கேட்கக் கூடாது. எங்களிடம் அதைக் கேட்காதவர்கள் குறைவு.

"வந்துவிடுவான்" என்றும் சொல்லாதீர்கள், "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டாவதைச் சொன்னால் நீங்கள் அவனை அடக்கம் பண்ணிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலாவதைச் சொன்னால் அந்த அம்மா உங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரமும் கேட்பார். காணாமல் போனவர் வீடு சாவு வீடு கிடையாது. அங்கே அழுதால் "ஏன் அழுகிறாய், அவன் உயிரோடு இருக்கிறான்" என்று ஒரு ஆள் அதட்டும். அழாமல் சோறு பொங்கினால் "இவளுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது" என்று இன்னொரு ஆள் பேசும். நடுவில் என் மைனி (அண்ணனுடைய மனைவி) தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை வைத்திருப்பதா கழற்றுவதா என்று அவரிடம் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் பேசினார்கள்.

எங்களுக்கு உதவியாக இருந்தது எது என்று கேட்டால் முதலில் ஜெனரேட்டரைத்தான் சொல்லுவேன். மாவட்டம் முழுக்கக் கரண்ட் கம்பம் சாய்ந்து கிடந்தது. அதே நேரம் லட்சத்தீவில் போட்கள் ஒதுங்கியிருக்கிறது, மகாராஷ்டிராவில் ஒதுங்கியிருக்கிறது, குஜராத்தில் ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒதுங்கினவன் வீட்டுக்குத்தானே கூப்பிடுவான்? கூப்பிடுகிற நேரத்தில் போன் செத்துக் கிடந்தால்? அம்மா அந்தப் பட்டன் போனை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தார். அப்போது கடற்கரையை விட்டு உள்ளே இருக்கிற ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் மினி லாரியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோவில்) முன்னால் இறக்கினார். நீளமான பலகையில் வரிசையாகப் பிளக் பாயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். டீசலும் அவர் செலவு. ஒவ்வொரு போனிலும் யார் வீட்டுது என்று பேப்பர் துண்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். மணி அடித்தால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போனோடு அந்த வீட்டைப் பார்த்து ஓடுவார். எங்களிடம் ஒரு வசனம் சொன்னதில்லை. என்ன சபை என்று நாங்களும் கேட்கவில்லை. இரக்கம் என்று எங்கே வாசித்தாலும் எனக்கு அந்த ஆளின் ஓட்டம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் ஒரு அக்கா. அவர்களுக்கும் ரப்பர் எல்லாம் ஒடிந்து விழுந்திருந்தது, வாழையும் போயிருந்தது. அந்தப் புயல் உங்கள் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லையே. அவர் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லவில்லை. நேரே பின்பக்கம் போய்க் கிணற்றடியில் குவிந்து கிடந்த சருவத்தையும் பானையையும் தேய்த்தார். அண்ணன் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். பிள்ளை சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு "அம்மா இன்னும் இறுக்கமா பின்னும்" என்றது. சரி என்று அவிழ்த்து மறுபடியும் பின்னினார். சாயங்காலம் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, காந்தாரி மிளகாய் இடித்து, அம்மாவுக்கு முன்னால் வைத்தார். சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தவில்லை. தானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். அம்மாவும் தின்றார்.

இனி வேதபகுதி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடல்காரர் வீடு என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் இயேசு காற்றையும் கடலையும் அடக்கின பகுதியைத்தான் வாசிப்பார்கள். மாற்கு நான்காம் அதிகாரம். எங்கள் வீட்டில் அது எத்தனை தடவை வாசிக்கப்பட்டதோ! ஒரு தடவை அம்மா வாய் திறந்து கேட்டார்: "அவங்க எழுப்பினாங்க, எழும்பினார். எம் மவன் எழுப்பாமலா இருந்திருப்பான்?" வாசித்தவர் வேதத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றார். 107ஆம் சங்கீதமும் அப்படித்தான். கப்பலேறிப் போகிறவர்களைப் பற்றி அழகாக வரும், ஆனால் அவர்கள் நாடின துறைமுகத்தில் கொண்டு சேர்க்கிறார் என்றல்லவா அந்தப் பகுதி முடிகிறது. கரை சேராதவன் வீட்டில் அதை வாசித்தால் அது எங்களைக் கேள்வி கேட்கிறது.

நான் அந்த நாட்களில் பிடித்துக்கொண்டது யோவான் பதினொன்று. இலாசர் செத்த வீடு. மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான். நானும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த தங்கச்சிதானே. அவர் இரண்டு பேரையும் அதட்டவில்லை, "என்னையா குறை சொல்லுகிறாய்" என்று கேட்கவில்லை. மார்த்தா எழுந்து ஊருக்கு வெளியே அவரைத் தேடி வந்தவள். அவளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியா காலில் விழுந்து அழுதாள். அவளுக்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை, கூட அழுதார். கல்லறையைத் திறக்கப் போகிறவர், இலாசர் வரப்போகிறான் என்று தெரிந்தவர், அவர் "ஏன் அழுகிறாய், இதோ பார்" என்று சொல்லியிருக்கலாமே. முதலில் அழுதார். அந்த இடத்தை வாசித்த பிறகுதான் நான் மறுபடியும் கோவிலுக்குப் போனேன்.

அதனால் தம்பி, அந்த அம்மா மார்த்தாவைப் போல் கேள்வி கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் பேசாதீர்கள். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் "ஜெபிக்கட்டுமா அம்மா?" என்று கேளுங்கள். சரி என்றால் சின்ன ஜெபம், தாழ்ந்த குரலில், அவன் பெயரைச் சொல்லி. அவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தால் நீங்களும் இருங்கள். உங்களுக்கு அது வழக்கமில்லை என்று தெரியும். கூடச் சொல்ல வேண்டாம், எழுந்து போகாமல் இருந்தாலே போதும்.

மார்த்தாண்டம்_தம்பி:

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கிறேன். எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் "இது தேவனுடைய எச்சரிப்பு, மனந்திரும்புதலைப் பற்றிப் பேச இதுதான் சமயம், கைப்பிரதியும் கொண்டுபோவோம்" என்கிறார் (சுவிசேஷம் அச்சடித்த துண்டுப்பிரதியைச் சொல்கிறார்). வயதில் பெரியவர், நான் எப்படி மறுத்துப் பேசுவது? அடுத்தது, காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டப் போட்டோ வேண்டும் என்று பொருளாளர் சொல்கிறார்.

நெய்யூர்_பழைய_உபதேசியார்:

தம்பி, முதல் கேள்வியை என்னிடம் விடுங்கள். அந்தப் பெரியவருக்கு லூக்கா 13ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்லுகிறார். அதற்குப் பிறகு மனந்திரும்புதலைப் பற்றியும் பேசுகிறார், உண்மைதான். ஆனால் யாரிடம்? பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் செய்தி கொண்டுவந்து நின்று பேசிக்கொண்டிருந்தவர்களிடம். அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் போய் அவர் அதைச் சொன்னதாக வேதத்தில் இல்லை. மனந்திரும்புதலின் பிரசங்கம் வேண்டுமென்றால் நம் சபையிலேயே பண்ணட்டும். கடற்கரைக்காரரோடு நமக்கு எத்தனை வருடப் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

கைப்பிரதியைப் பற்றி. அடிபட்டுக் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் காசு கொடுத்தான், "அதிகமாய் செலவானால் திரும்பி வரும்போது தருவேன்" என்றான். எந்த மலையில் தொழுவது சரி என்று யூதனுக்கும் சமாரியனுக்கும் பெரிய வழக்கு இருந்த காலம் அது. அந்த வழக்கை அவன் சத்திரத்தில் எடுக்கவில்லை.

எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. அங்கே வேலை செய்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூர் வந்தார். வாசலில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அங்கே தனியாகத் திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்தார். இங்கிலாந்தில் பெரிய எதிர்காலம் இருந்தும் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போனார், திரும்பவும் நெய்யூருக்குத்தான் வந்தார். அந்தப் பெரியவரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். நம்முடைய தாத்தா பாட்டிமார் கிறிஸ்துவின் பெயரை மரியாதையோடு கேட்டதற்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஒரு காரணம்.

இரணியல்_வாத்தியார்:

நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் படித்துக்கொண்டே வந்ததில் ஒன்று சொல்லத் தோன்றியது. சுனாமி அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியது. உடம்பெல்லாம் சேறு. நான் டாக்டர் வேண்டுமா, போலீசுக்குச் சொல்லவா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். என் மனைவி அந்தப் பெண்களைக் குளியலறைக்கு அழைத்துப்போய்ச் சோப்பும் மாற்றுத் துணியும் கொடுத்தாள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுகிற மாதவிடாய்த் துணியையும் கேட்காமலேயே எடுத்து வைத்தாள். உங்கள் வேனில் பெண்கள் வருகிறார்களா தம்பி? வந்தால் அவர்களை முன்னால் அனுப்புங்கள்.

தூத்தூர்ப்பக்கம்_அக்கா:

வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உபதேசியார் ஐயாவுக்கும் நன்றி.

போட்டோ வேண்டாம் தம்பி. கணக்குக் காட்ட ரசீது போதும், அரிசிக்கடைப் பில் போதும். எங்கள் அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் யார் யாருடைய போனிலோ இன்னும் இருக்கிறது. தலைகூட வாரவில்லை. ஏழு பிள்ளை பெற்று வளர்த்த மனுஷி, யாரிடமும் கைநீட்டாதவர்.

வேனை வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். கோவில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வண்டிச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் எல்லோரும் வாசலுக்கு ஓடிவருவார்கள், ஏதோ தகவல் வந்துவிட்டது என்று. இறங்குவது போர்வைக்கட்டு என்று தெரியும்போது அந்த முகங்களைப் பார்க்க முடியாது. மொத்த ஐக்கியமும் ஒரே நாளில் போக வேண்டாம். முதலில் நீங்களும் இரண்டு மூன்று பெண்களும் போங்கள். மற்றவர்கள் முறைவைத்து வரட்டும்.

அடுத்தது காகிதம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடல் கிடைக்காவிட்டால் சட்டப்படி ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ள முடியும். ஒக்கியில் அரசு அந்தக் காத்திருப்பைக் குறைத்து இருபது லட்சம் நிவாரணம் கொடுத்தது, அதுவும் சும்மா நடக்கவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி எங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள், நானும் கைக்குழந்தையோடு உட்கார்ந்தேன். ஒரு படகோடு காணாமல் போனவர்களுக்கு அப்படிப் பேச ஊர் திரளுமா தெரியாது. டி.என்.ஏ.வுக்கு ரத்தம் கொடுக்க திருவனந்தபுரம் போக வேண்டிவரலாம், வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரலாம். உங்கள் ஐக்கியத்தில் வக்கீல் படிக்கிற பிள்ளை, ஆபீஸ் வேலை தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அவரை அந்தக் குடும்பத்துக்கு என்றே ஒதுக்குங்கள். மனு எழுதவும் கூட வரிசையில் நிற்கவும் ஒரு ஆள் இருந்தால் மைனிமாருக்குப் பாதிப் பாரம் குறையும். பணம் வந்தால் "இருபது லட்சம் கிடைத்ததே" என்று யாராவது சொல்லுவார்கள். அந்தப் பேச்சு உங்கள் சபைப் பக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போட்டுக்கு வாங்கின முன்பணம், அடகில் கிடக்கிற நகை, ஏறிக்கொண்டிருக்கிற வட்டி எல்லாம் அதைக் கேட்டு வாசலில் நிற்கும்.

கடைசியாக, முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். அதற்குப் பிறகு தெரு காலியாகிவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பீஸும் புத்தகமும் வேண்டும். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும், எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போவார்கள், இவர்களுக்குப் போக ஒரு கல்லறை இருக்காது. அன்றைக்கு யாராவது அந்த வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்தால் நல்லது. இந்த இரண்டு தேதியையும் இப்போதே ஐக்கியத்து டைரியில் எழுதி வையுங்கள்.

எந்த ஊர் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். அங்கே அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற பங்குக் குழுவில்) எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். நான் அவரிடம் பேசிவிட்டு எந்த நாள் வரலாம் என்று சொல்லுகிறேன். அதுவரைக்கும் அந்த அரிசி கடையிலேயே இருக்கட்டும்.